பின்னிருக்கையிலிருந்து பந்தயம் வரை: பார்வைக் குறைபாடு உள்ளோர் டேண்டம் சைக்கிள் பழகுவதற்கான வழிகாட்டி

பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர், இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்து மிதிக்கும் டேண்டம் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பதைக் காண்பவர்கள், முன்னால் இருப்பவர் அவரை ஏற்றிக்கொண்டு போகிறார் என்றே பெரும்பாலும் எண்ணுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 28 அன்று, டோக்கியோ பாராலிம்பிக்கின் சைக்கிள் பந்தயத் தட அரங்கமான இசு வெலோட்ரோமில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நீல் ஃபாக்கி பின்னிருக்கையிலும் மேட் ராதரம் முன்னிருக்கையிலும் அமர்ந்து, நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு 1,000 மீட்டரை 58.038 வினாடிகளில் கடந்து உலக சாதனை படைத்தார்கள். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டர். பின்னிருக்கைக்காரர் வெறும் பயணியாக இருந்திருந்தால் அந்த வேகம் வந்திருக்காது. கைப்பிடியைத் திருப்பும் பொறுப்பும் பிரேக் பிடிக்கும் பொறுப்பும் அவருக்கு இல்லை என்பதால், தம் வலிமை முழுவதையும் பெடலில் செலுத்தும் வாய்ப்பு அவருக்கே கூடுதலாக உண்டு. விழித்திரை நோயான ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவால் பார்வை குன்றிய ஃபாக்கி, 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் குறுந்தொலைவு ஓட்டக்காரராகக் கலந்துகொண்டு, அதன் பிறகே சைக்கிளுக்கு மாறியவர் என்பதையும் புதியவர்கள் நினைவில் கொள்ளலாம். வேறு விளையாட்டில் சேர்த்துவைத்த கால்வலிமை இங்கே வீணாவதில்லை.

முன்னால் இருந்து ஓட்டுபவரை பைலட் என்றும் பின்னால் இருப்பவரை ஸ்டோக்கர் என்றும் இந்த விளையாட்டில் அழைப்பார்கள். இக்கட்டுரையிலும் அப்படியே குறிப்பிடுகிறேன். நடைமுறைகளுக்கு பிரிட்டனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன், ஏனெனில் வண்டியை இரவல் தரும் அமைப்பிலிருந்து பாராலிம்பிக் அணி வரை ஒரு ஸ்டோக்கர் ஏறிச்செல்ல வேண்டிய படிகள் அங்கே வரிசையாக அமைந்திருக்கின்றன. வண்டியைப் பற்றியும் இருவரின் ஒத்துழைப்பைப் பற்றியும் சொல்லப்படுபவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதல் படி: மருத்துவரும் வண்டியும்

கண் மருத்துவரிடம் ஒரு முறை பேசிவிட்டுத் தொடங்குங்கள். குறிப்பாக, கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும், விழித்திரை விலகல் ஏற்கெனவே நேர்ந்தவர்களுக்கும், அண்மையில் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் சாலை அதிர்ச்சியும் விழும் வாய்ப்பும் பொருட்படுத்தத்தக்கவை. பார்வை அறவே இல்லாதவரும் சைக்கிள் கண்ணாடி அணிய வேண்டும். தூசியும் பூச்சியும் பார்க்கும் கண், பாராத கண் என்று பிரித்துப் பார்த்து வருவதில்லை. மிச்சப் பார்வை உள்ளவர்களில் பலருக்கு வெயிலின் கூச்சமே பெரிய தொல்லையாக இருப்பதால், அவர்கள் தங்களுக்கு ஒத்துவரும் நிறக் கண்ணாடியை முன்கூட்டியே தேர்ந்துகொள்வது நல்லது.

வண்டியை உடனே வாங்க வேண்டாம். நல்ல டேண்டம் விலை மிகுந்தது. இருவரின் உயரத்துக்கும் பொருந்தும் அளவு எது என்பதும் சிலகாலம் ஓட்டிய பிறகே தெரியவரும். பிரிட்டனில் தனியாகச் சைக்கிள் ஓட்ட இயலாதவர்களுக்கு ஷார்லட்ஸ் டேண்டம்ஸ் என்னும் அறக்கட்டளை வண்டிகளை இலவசமாக இரவல் தருகிறது. 1971இல் தொடங்கிய டேண்டம் கிளப்பில் பல்லாண்டு அனுபவம் உள்ள ஓட்டிகள் இருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கும்போது அவர்களின் ஆலோசனை மிகவும் உதவும். இந்தியாவில் இருப்பவர்கள் புனேயைச் சேர்ந்த அட்வெஞ்சர்ஸ் பியாண்ட் பேரியர்ஸ் அறக்கட்டளையை அணுகலாம்; பத்தொன்பது வயதில் குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோயால் பார்வையை இழந்த திவ்யான்ஷு கணாத்ரா நிறுவிய அந்த அமைப்பு, பார்வை உள்ளோரையும் இல்லாதோரையும் ஒரே டேண்டமில் அமர்த்திப் பயணங்களை நடத்தியிருக்கிறது.

இரண்டாம் படி: பைலட்டைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறுவது இங்கேதான். நெருங்கிய நண்பரோ வாழ்க்கைத் துணையோ பைலட்டாக அமைவதே சிறந்தது என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்பு மிகுந்தவர் பல சமயங்களில் அளவுக்கு மீறிக் காப்பாற்ற முனைவார், மேட்டில் "நீங்கள் மிதிக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அந்தச் சொல் ஸ்டோக்கரை மறுபடியும் பயணியாக்கிவிடுகிறது. சாலையில் பல ஆண்டுகள் தனியாக ஓட்டிய பழக்கம், பதறாத குரல், உங்கள் வாரநாள்களோடு ஒத்துப்போகும் நேரம், உங்களோடு ஏறத்தாழ இணையான உடல்தகுதி ஆகிய நான்கும் நட்பைவிட முக்கியமானவை. உடல்தகுதியில் பெரிய இடைவெளி இருந்தால் ஒருவர் மூச்சுத் திணறுவார், மற்றவர் சலிப்படைவார். எடையையும் கவனிக்க வேண்டும். புறப்படும்போதும் நிற்கும்போதும் வண்டியையும் ஸ்டோக்கரையும் பைலட்டே தாங்கிப் பிடிப்பதால், ஸ்டோக்கரைவிட மிகவும் மெலிந்த ஒருவர் தொடக்கத்தில் திண்டாடுவார்.

பைலட்டாக விரும்புகிறவருக்கு நான் இரண்டு நிபந்தனைகளை வைப்பேன். முதலாவதாக, அவர் டேண்டமைத் தனியாகவும், பிறகு பார்வையுள்ள ஒருவரைப் பின்னால் அமர்த்தியும் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். சாதாரண சைக்கிளைவிட இதன் நீளம் மிகுதி, திரும்பும் வட்டம் பெரிது, இறக்கத்தில் இது எடுக்கும் வேகம் முதன்முறை ஓட்டுபவரைத் திகைக்க வைக்கும். இரண்டாவதாக, தேர்ந்த பைலட் ஒருவர் ஓட்ட, அவர் கண்களை மூடிக்கொண்டு பின்னிருக்கையில் ஒரு மணி நேரம் அமர்ந்து வர வேண்டும். சொல்லாமல் வந்த ஒரு குழி முதுகுத்தண்டில் எப்படி இறங்குகிறது என்பதை அந்த ஒரு மணி நேரம் கற்பிப்பதுபோல் எந்த விளக்கமும் கற்பிக்காது.

ஒரே பைலட்டோடுதான் கடைசிவரை ஓட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபாக்கி 2012 லண்டனில் பார்னி ஸ்டோரியோடு தங்கம் வென்றார், 2016 ரியோவில் பீட் மிட்செல்லோடு வெள்ளி பெற்றார், பிறகே ராதரமோடு சேர்ந்தார். அயர்லாந்தின் கேட்டி-ஜார்ஜ் டன்லெவி 2024 பாரிஸ் போட்டியில் உள்ளரங்கத் தடத்தில் ஈவ் மெக்கிரிஸ்டலோடும் சாலையில் லிண்டா கெல்லியோடும் ஓட்டினார். இதற்கு மாறாக, ஃபாக்கியின் மனைவி லோரா ஃபாக்கி, கொரின் ஹால் ஒருவரோடே ரியோவிலும் டோக்கியோவிலும் தங்கம் வென்றார். பொழுதுபோக்காக ஓட்டுபவர்கூட இரண்டு பைலட்டுகளைப் பழக்கி வைத்துக்கொள்வது நல்லது; ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் பயிற்சி நின்றுபோகக் கூடாது.

மூன்றாம் படி: வண்டியைக் கையால் அறிதல்

ஏறுவதற்கு முன் வண்டியைச் சுவரில் சாய்த்துவைத்து, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை கையால் தடவி அறிந்துகொள்ளுங்கள். பைலட்டின் கைப்பிடி, அவருடைய இருக்கை, அந்த இருக்கையின் தண்டிலிருந்து பின்னோக்கி நீளும் உங்கள் கைப்பிடி, உங்கள் இருக்கை, தண்ணீர்ப் புட்டியின் இடம் என்று வரிசையாகத் தொட்டுச் செல்ல வேண்டும். உங்கள் கைப்பிடி திரும்பாது. அது பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே. முன் கிராங்கையும் (பெடல்களைத் தாங்கிச் சுழலும் பாகம்) பின் கிராங்கையும் இணைக்கும் செயின் பெரும்பாலான வண்டிகளில் இடப்புறம் ஓடுகிறது. சக்கரத்தை இயக்கும் செயின் வலப்புறம் இருக்கிறது. ஆகவே கால்சட்டையின் ஓரமும் ஷூ நாடாவும் இரு புறமும் மாட்டக்கூடும் என்பதை மனத்தில் வைத்து அவற்றைச் செருகிக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த இணைப்புச் செயினால்தான் இருவர் கால்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்தியே ஆக வேண்டும்.

நான்காம் படி: புறப்படுதலும் நிற்றலும்

ஆளில்லாத மைதானமோ வண்டி நிறுத்துமிடமோ போதும். சாலைக்குப் போக அவசரம் வேண்டாம். பைலட் வண்டியின் குறுக்குத் தண்டின் இருபுறமும் கால்களை அகலமாக ஊன்றி, இரண்டு பிரேக்குகளையும் இறுகப் பிடித்து நிற்கிறார். கால்களை அகற்றி வைப்பதற்குக் காரணம் உண்டு: ஸ்டோக்கர் பெடலைச் சுழற்றும்போது முன் பெடலும் சேர்ந்து சுழன்று பைலட்டின் முழங்காலின் கீழ் எலும்பில் இடிக்கும். பைலட் "ஏறலாம்" என்ற பிறகு ஸ்டோக்கர் ஏறி, இரு கால்களையும் பெடலில் வைத்து, முழு எடையையும் இருக்கையில் இறக்குகிறார். வண்டி சற்று ஆடும். தரையில் கால் ஊன்றிச் சமன்செய்ய முயலாமல் அசையாமல் அமர்ந்திருப்பதே அவர் செய்யத்தக்க உதவி. பிறகு அவர் பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி, பைலட் முதலில் மிதிக்கும் காலுக்குரிய பெடலைச் சற்று மேலே கொண்டுவந்து நிறுத்துகிறார். எந்தக் கால் முதல் என்பதை முதல் நாளே முடிவுசெய்து, அதன் பின் மாற்றாதீர்கள். "தயாரா?" என்று பைலட் கேட்க, ஸ்டோக்கர் வாய்திறந்து "தயார்" என்று சொன்ன பிறகே பிரேக் விடுபட வேண்டும். தலையசைப்பு போதாது, பைலட்டின் முதுகுக்குக் கண் இல்லை. முதல் மிதியில் இருவரும் உறுதியாக அழுத்தினால் வண்டி நேராகப் போகும். தயங்கி மிதித்தால் தள்ளாடும்.

நிற்கும்போது ஒழுங்கு தலைகீழாகிறது. பைலட் முன்கூட்டியே அறிவித்து, வேகத்தைக் குறைத்து, தாம் மட்டும் ஒரு காலை ஊன்றுகிறார்; ஸ்டோக்கர் கால்களைப் பெடலிலேயே வைத்திருக்கிறார். சிக்னலில் நிற்கும்போதும் இதே முறைதான். இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பக்கம் கால் ஊன்ற முயன்றால்தான் வண்டி சாய்கிறது. இறங்கும் வேளையில் பைலட் மறுபடி இரண்டு பிரேக்குகளையும் பிடித்துக்கொண்டு "இறங்கலாம்" என்று சொல்லும்வரை ஸ்டோக்கர் அசைய வேண்டியதில்லை. இவையனைத்தையும் யோசிக்காமல் செய்யும் நிலை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஷூவைப் பெடலோடு பூட்டும் க்ளீட் வகையை அதன் பிறகு போட்டுக்கொள்ளலாம். அதுவரை தட்டைப் பெடலும் சாதாரண ஷூவும் போதும்.

ஐந்தாம் படி: பேச்சு

பின்னிருக்கைக்காரருக்குச் சாலை என்பது பைலட்டின் குரல்தான். எதைச் சொல்வது என்பதைவிட எப்போது சொல்வது என்பதே கலை. குழியைக் கடந்தபின் "குழி" என்று சொல்வது பயனற்றது. இரண்டு மூன்று வினாடிகள் முன்னதாகச் சொன்னால்தான் ஸ்டோக்கர் இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, முழங்காலை மடக்கி, அதிர்ச்சியைக் கால்களில் வாங்கிக்கொள்ள முடியும். மிதிப்பதை நிறுத்துவதற்கு முன்பும், கியர் மாற்றுவதற்கு முன்பும், பிரேக் பிடிப்பதற்கு முன்பும், எழுந்து நின்று மிதிப்பதற்கு முன்பும் ஒரு சொல் வர வேண்டும். அறிவிக்காமல் பைலட் மிதிப்பதை நிறுத்தினால் ஸ்டோக்கரின் முழங்கால் சுழற்சியின் நடுவே வெடுக்கென்று தடுக்கப்படும். அது நாள்பட்ட மூட்டுவலியில் கொண்டுபோய் விடலாம். கியர் மாற்றும் நொடியில் ஸ்டோக்கர் அழுத்தத்தைத் தளர்த்தாவிட்டால் செயின் நழுவவும் கூடும்.

சொற்கள் குறுகியவையாக, ஒன்றையொன்று ஒலியில் ஒத்திராதவையாக இருக்கட்டும். காற்றின் இரைச்சலில் வலது, இடது ஆகிய இரண்டும் ஒன்றாகவே கேட்கும் என்பதால் தமிழ் பேசும் இணையர்கூட லெஃப்ட், ரைட் என்றே கூவுவது நல்லது. திருப்பத்தில் ஸ்டோக்கர் வண்டியோடு சேர்ந்து சாய வேண்டும். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் பைலட் கைப்பிடியோடு மல்லுக்கட்ட நேரிடும். திருப்பத்தின் பக்கத்தோடு அது எவ்வளவு கூர்மையானது என்பதையும் சேர்த்துச் சொன்னால் உடல் தானாகவே ஆயத்தமாகும்.

பேச்சு ஒருவழியாக இருக்கக் கூடாது. பின்னால் வரும் லாரியின் ஓசையை ஸ்டோக்கரே முதலில் கேட்பதுண்டு. டயரின் காற்று இறங்கும் சீற்றத்தையும் பிரேக்கின் உராய்வையும் அவர் காதுகள் முன்னதாக அறியும். கை காட்டித் திரும்பும் சமிக்ஞையைப் பின்னிருக்கைக்கு விட்டுவிடலாம், ஏனெனில் ஸ்டோக்கரின் கைகள் வண்டியைத் திருப்புவதில்லை. பைலட் சொல்லச்சொல்ல அவர் கையை நீட்டலாம். உணவை எடுத்துத் தருவதும் அவருக்கு எளிது. வழியோரக் காட்சிகளை வருணிப்பது பற்றி ஒரு சொல்: சிலருக்கு அது பெருமகிழ்ச்சி, சிலருக்கு ஓயாத தொணதொணப்பு. கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பயிற்சிநாளில் அளவாகப் பேசிப் பழகியவர்களுக்கே பந்தயத்தில் ஒரு சொல்லில் ஒரு திட்டத்தைப் பரிமாற முடியும்.

ஆறாம் படி: உட்காரும் இடம், உடல், வீட்டுப் பயிற்சி

தனியாக ஓட்டுபவர் மேடுபள்ளத்தைப் பார்த்துத் தம்மையறியாமல் அடிக்கடி எழுந்து உட்காருகிறார். ஸ்டோக்கர் அப்படிச் செய்வதில்லை. அதனால் இருக்கைப் புண் அவருக்கு விரைவில் வருகிறது. பின்னிருக்கைத் தண்டு அதிர்ச்சி தாங்கும் வகையாக இருப்பதும், பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இன்றி அணிவதும் பெரிதும் உதவும். இவற்றையும் மிஞ்சி உதவுவது ஒரு பழக்கம்: பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பைலட் "எழலாம்" என்று சொல்ல, இருவரும் சில வினாடிகள் பெடலில் நின்று இரத்த ஓட்டத்துக்கு வழிவிடுவது. இருக்கையின் உயரத்தை அளந்து குறித்து வைத்துக்கொண்டால், இரவல் வண்டியிலும் அதை உடனே அமைத்துவிடலாம்.

பைலட் கிடைக்கும் நாள்கள் குறைவாகவே இருக்கும் என்பதால் உடல்வலிமையை வீட்டிலேயே வளர்க்க வேண்டும். சாதாரண சைக்கிளின் பின்சக்கரத்தை டர்போ ட்ரெய்னர் என்னும் தாங்கியில் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். உடற்பயிற்சிக் கூடத்துச் சைக்கிளும் ஆகும். திரையில் எண்களைக் காட்டும் செயலிகளைவிட, இதயத்துடிப்பையும் நேரத்தையும் குரலில் சொல்லும் கைப்பேசிச் செயலி ஸ்டோக்கருக்கு ஏற்றது. நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்றுகள் வரை சீராக மிதிக்கப் பழகுங்கள். கனமான கியரில் மெதுவாக மிதிப்பவரும் லேசான கியரில் படபடவென்று சுற்றுபவரும் ஒரே செயினில் இணைந்தால் இருவருக்கும் துன்பம்.

ஏழாம் படி: வண்டிப் பராமரிப்பு

இரண்டு பேரின் எடை இரண்டே சக்கரங்களில் விழுகிறது. டயர் தடிமனாகவும், ஆரக்கம்பிகள் மிகுதியாகவும், காற்றழுத்தம் எடைக்கேற்பவும் இருக்க வேண்டும். நீண்ட இறக்கங்களில் விளிம்பைப் பிடிக்கும் பிரேக் சூடேறி டயரையே வெடிக்கச் செய்யலாம் என்பதால் மலைப்பகுதிக்கு டிஸ்க் பிரேக் உள்ள வண்டி பாதுகாப்பானது. இணைப்புச் செயின் தொய்ந்தால் கழன்றுவிடும். முன் கிராங்கின் அச்சைச் சற்றுத் திருப்பி அதை இறுக்கலாம், கடையில் ஒரு முறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். 2012 லண்டன் பாராலிம்பிக்கின் 1 கிலோமீட்டர் போட்டியில் அந்தோணி கேப்பஸும் கிரெய்க் மெக்லீனும் புறப்படும்போதே இருமுறை வண்டிக் கோளாறால் தடைப்பட்டுப் பதக்கம் இன்றி வெளியேற நேர்ந்தது. பின்னர் அவர்களே ஸ்பிரிண்ட் போட்டியில் தங்கம் வென்றார்கள். வலிமையான இருவர் ஒரே நொடியில் முழு ஆற்றலையும் செலுத்தும் டேண்டமின் புறப்பாடு செயினுக்குக் கடும் சோதனை. இன்னொன்று, வெளியூருக்கு வண்டியைக் கொண்டுபோவதை முன்கூட்டியே திட்டமிடுங்கள். பிரிட்டனின் பெரும்பாலான ரயில்களில் டேண்டமை ஏற்றுவதில்லை.

எட்டாம் படி: பந்தயம்

எல்லோரும் பந்தயத்துக்குப் போக வேண்டியதில்லை. 1,200 கிலோமீட்டர் நீளமுள்ள பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடும்பயணத்தில் டேண்டம்களும் கலந்துகொள்கின்றன; நேரக் கெடு உண்டே தவிர, பிறரை முந்தும் நோக்கம் இல்லாத அத்தகைய பயணங்கள் சிலருக்குப் பந்தயத்தைவிட இனிக்கும். போட்டியிடுவதில் நாட்டம் உள்ளவர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சைக்கிளிங் டைம் ட்ரையல்ஸ் அமைப்பின் விதிகளின்படி நடக்கும் 10 மைல் தனிநேரப் போட்டியிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு வண்டியும் இடைவெளி விட்டுத் தனித்தனியாகப் புறப்படுவதால், நெரிசலில் ஓட்டும் அபாயம் இன்றி உங்கள் வேகத்தை அளந்துகொள்ள முடியும். கூட்டமாக ஓட்டும் சாலைப் பந்தயம் அதற்கு நெடுநாள் கழித்து வரட்டும். வெலோட்ரோம் இன்னொரு உலகம்: 250 மீட்டர் மரத்தடம், சுவர்போல் எழும் வளைவுகள், பிரேக்கே இல்லாத, மிதிப்பதை நிறுத்த முடியாத வண்டி. மான்செஸ்டரில் 1994இல் திறக்கப்பட்ட தேசிய மையத்தில்தான் பிரிட்டனின் டேண்டம் அணியினர் பயில்கிறார்கள். வளைவில் வேகம் குறைந்தால் வண்டி சறுக்கும் என்பதால் அங்கே தயக்கமே ஆபத்து. பயிற்றுநர் இன்றித் தடத்தில் இறங்காதீர்கள்.

பன்னாட்டுப் போட்டிகளில் பார்வைக் குறைபாடு உள்ளோர் அனைவரும் பி என்ற ஒரே பிரிவில் ஓட்டுகிறார்கள்; முற்றிலும் பார்வையற்றவரும் மிச்சப் பார்வை உள்ளவரும் சமமாகவே கணக்கிடப்படுவர். பார்க்காமல் மிதிக்கும் கால்களுக்குப் பார்வையின் அளவு பெரிய வேறுபாட்டைத் தராது என்பது இதன் அடிப்படை; எனினும் புறப்படும் நொடியைக் கணிப்பதில் மிச்சப் பார்வை சிறிது கைகொடுக்கிறது என்றே நான் நினைக்கிறேன். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இப்பிரிவுக்குத் தடத்தில் 1,000 மீட்டர் நேரப்போட்டியும், தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இரண்டு வண்டிகள் புறப்படும் துரத்தல் போட்டியும் (ஆண்களுக்கு 4,000 மீட்டர், பெண்களுக்கு 3,000 மீட்டர்), சாலையில் தனிநேரப் போட்டியும் சாலைப் பந்தயமும் நடந்தன. பதக்கம் பைலட்டுக்கும் உண்டு. தொழில்முறை அணிகளில் ஓட்டுபவர்கள் பைலட்டாவதற்கு உலக சைக்கிள் கூட்டமைப்பு கட்டுப்பாடுகள் விதித்திருப்பதால், பழைய பந்தய வீரர் ஒருவர் உங்களுக்கு பைலட்டாக முன்வந்தால் அவர் தகுதியுடையவரா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பார்வைக் குறைபாட்டின் அளவை உறுதிசெய்யும் வகைப்பாட்டுச் சோதனை இன்றி இந்தப் போட்டிகளில் நுழைய முடியாது. பொதுவாக, சரியான கண்ணாடி அணிந்த பிறகும் பார்வைக்கூர்மை 6/60ஐத் (பிறர் 60 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் மட்டுமே காணும் நிலை) தாண்டாதவர்கள் அல்லது கண்ணை அசைக்காமல் காணக்கூடிய பரப்பான பார்வைப்புலத்தின் விட்டம் 40 டிகிரிக்குள் சுருங்கியவர்கள் தகுதி பெறுகிறார்கள். பார்வைப்புலம் சுருங்கியவர்கள் அதை அளந்த இயந்திர அறிக்கையை இணைக்காவிட்டால் விண்ணப்பம் திரும்பிவரலாம். ஆகவே மருத்துவப் படிவத்தைக் கண் மருத்துவரிடம் கொடுக்கும்போதே, அண்மையில் எடுத்த அறிக்கைகளின் நகல்களையும், உங்கள் நோயின் பெயரையும் அது தொடங்கிய ஆண்டையும் குறித்த குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்; போட்டிப் பதிவு முடிவதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.